ரூஸ்வெல்ட்டுக்கு வந்த இரண்டு துப்பாக்கிகள்

பறவை வேட்டைக்குப் போகும் ஒருவருக்குத் துப்பாக்கி பரிசளிப்பது, கைக்கடிகாரம் பரிசளிப்பது போல அத்தனை சுலபமான காரியம் இல்லை. கடிகாரம் யார் கையில் கட்டினாலும் ஒரே நேரத்தைத்தான் காட்டும். துப்பாக்கி அளவெடுத்துத் தைக்கும் சட்டை மாதிரி. அளவு சரியில்லை என்றால் என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் குறி தப்பும்.

காரணம் இதுதான். ரைஃபிளில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு குண்டு. நிதானமாகக் குறி பார்த்துச் சுட வேண்டும். பறவை வேட்டைக்கான ஷாட்கன்னில் ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஈய ரவைகள் இருக்கும். பறந்துகொண்டிருக்கும் பறவையை ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது? பார்வை பறவை மேல் இருக்கும்போதே துப்பாக்கி தோளுக்கு ஏற வேண்டும், கண் போகும் திசையிலேயே குழலும் போக வேண்டும். அதற்குப் பின்கட்டையின் நீளம் சுடுபவரின் கைக்குப் பொருந்த வேண்டும். அதன் சரிவு கழுத்துக்கும் கன்னத்துக்கும் பொருந்த வேண்டும். கட்டை நீளமாக இருந்தால் அக்குளில் மாட்டிக்கொள்ளும். குட்டையாக இருந்தால் சுட்டவுடன் கட்டைவிரல் மூக்கில் வந்து இடிக்கும். லண்டனின் பெரிய துப்பாக்கிக் கடைகளில் இதற்கென்றே நீட்டவும் குறைக்கவும் வளைக்கவும் கூடிய கட்டை வைத்த ஒரு அளவுத் துப்பாக்கி இருக்கும். வாடிக்கையாளரை நிற்க வைத்துத் தையல்காரர் மாதிரி அளவெடுப்பார்கள்.

(குழலின் அளவைச் சொல்லும் கணக்கும் வேடிக்கையானது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாகச் செய்தால், அதில் ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல் '12 போர்'. 20 உருண்டைகளாகச் செய்தால் '20 போர்'. ஆக, எண் பெரிதாகப் பெரிதாகக் குழல் சிறிதாகும்!)

நல்ல துப்பாக்கி எது, நல்ல பரிசு எது என்ற இரண்டும் ஒரே கேள்வி இல்லை. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் 26ஆவது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் கதை போதும். 'டெடி பேர்' பொம்மைக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். அவருக்குப் பரிசாக வந்த துப்பாக்கிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று 1872ல் 13 வயதில் அப்பா கொடுத்தது. இன்னொன்று 1909ல் 50 வயதில் ஒரு கம்பெனி கொடுத்தது.

சிறுவன் ரூஸ்வெல்ட் ஆஸ்துமாக்காரன். நியூயார்க்கில் வசதியான குடும்பம். அப்பா, 1869ல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகனும் போட்டிக்கு வீட்டிலேயே ஒரு மியூசியம் வைத்திருந்தான்! கடைத்தெருவில் பார்த்த ஒரு கடல்நாயின் மண்டையோட்டில் ஆரம்பித்து எலி, அணில், பறவை முட்டை என்று சேர்த்துக்கொண்டே போனான். பறவைகளைப் பாடம் செய்வதற்குக் குரு வேறு. ஓவியர் ஆடுபானோடு பயணம் போன ஜான் பெல் என்பவர்தான் கற்றுக்கொடுத்தார். பறவை பார்க்கப் பைனாகுலரும் கையடக்கப் பறவைக் கையேடும் பரவலாகாத காலம் அது. பறவையைப் படிக்க வேண்டும் என்றால் அது கையில் இருக்க வேண்டும். கையில் இருக்க வேண்டும் என்றால் சுட வேண்டும். அன்றைய பறவையியலாளர்கள் அத்தனை பேரும் துப்பாக்கிக்காரர்கள்தான். அந்த நிலையில்தான் துப்பாக்கி வந்தது.

அப்பா தேர்ந்தெடுத்தது பிரெஞ்சு நாட்டில் செய்த 12 போர் இரட்டைக்குழல் லெஃபோஷே. காசிமிர் லெஃபோஷே என்ற பாரிஸ்காரர் 1830களில் கொண்டுவந்த அமைப்பு அது. அதுவரை வேட்டைத் துப்பாக்கி என்றால் குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, குச்சியால் இடிக்க வேண்டும். லெஃபோஷேயின் துப்பாக்கி நடுவில் மடியும். பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகி மூடினால் வேலை முடிந்தது. தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியல் அந்த ஊசியின் தலையில் அடிக்க, உள்ளே மருந்து பற்றிக்கொள்ளும். 1851ல் லண்டன் கண்காட்சியில் இதைப் பார்த்த பிறகுதான் ஆங்கிலேயர்களும் பின்பக்கம் திறக்கும் துப்பாக்கிக்கு மெல்ல மாறினார்கள். 1872 வாக்கில் ஊசித் தோட்டா பழசாகிக் கொண்டிருந்தது. நடுவில் அடித்தால் வெடிக்கும் தோட்டா வந்துவிட்டது. அதாவது அப்பா வாங்கியது புத்தம்புது மாடல் இல்லை.

ஆனால் பையனுக்கு அதுதான் சரி. பின்னாளில் 1913ல் வெளியான சுயசரிதையில் ரூஸ்வெல்ட்டே இதைச் சிரிப்போடு எழுதியிருக்கிறார். கைவாகு இல்லாத, ஞாபகமறதிக்காரச் சிறுவனுக்கு ஏற்ற துப்பாக்கியாம் அது. துருப்பிடித்து மடிய மறுத்தால் செங்கல்லால் ஒரு தட்டு தட்டித் திறக்கலாம், பெரிதாகச் சேதம் ஆகாது. மாட்டிக்கொண்ட தோட்டாவுக்கும் அதே செங்கல் வைத்தியம்தான். வெடிக்காத தோட்டாவாக இருந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் விபரீதம். எரியாத மருந்துத் துகள்கள் தெறித்து உடம்பில் பச்சை குத்தின மாதிரி ஆகியிருக்கிறது, ஒரு தடவைக்கு மேல்! இன்றைய பெற்றோர் கேட்டால் மயக்கமே போட்டுவிடுவார்கள்.

அந்தத் துப்பாக்கி செய்த பெரிய காரியம் வேறு. கூட வந்த பையன்கள் எதையோ பார்த்துச் சுடுகிறார்கள். இவனுக்கு மட்டும் சுட ஒன்றுமே தெரியவில்லை. ஒருநாள் தூரத்து விளம்பரப் பலகை ஒன்றை அவர்கள் உரக்கப் படிக்க, இவனுக்கு அதில் எழுத்து இருப்பதே தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னான். மூக்குக்கண்ணாடி வந்தது. 13 வயது வரை அவனுக்குக் கிட்டப்பார்வை என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது! படிப்பு காட்டிக்கொடுக்காத குறையைத் துப்பாக்கி காட்டிக்கொடுத்தது.

1872-73 குளிர்காலத்தில் குடும்பம் எகிப்துக்குப் போய் நைல் நதியில் படகில் பயணம் செய்தது. கண்ணாடியும் லெஃபோஷேயுமாகப் பையன் கரையில் இறங்கிச் சுட்டுத் தள்ளினான். சில நாட்களில் அப்பாவும் கூடப் போனார். சுட்டதை எல்லாம் தோலுரித்துப் பாடம் செய்து, 'ரூஸ்வெல்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்' என்று அச்சடித்த இளஞ்சிவப்புச் சீட்டு கட்டி வைத்தான். அந்தப் பறவைகள் பிற்பாடு வாஷிங்டனின் ஸ்மித்சோனியனுக்குப் போய்ச் சேர்ந்தன. 1877ல், ஹார்வர்டில் படிக்கும்போதே, அடிரான்டாக் மலைப் பறவைகளைப் பற்றி நண்பன் ஹென்றி மைனாட்டோடு சேர்ந்து ஒரு சிறு பட்டியல் வெளியிட்டார். அடுத்த வருடமே அப்பா காலமானார், வயது 46தான்.

(இந்தியாவிலும் இதே மாதிரி ஒரு பரிசு உண்டு. சாலிம் அலிக்கு மாமா அமீருதீன் தயப்ஜி கொடுத்த ஏர்கன். அதில் விழுந்த மஞ்சள் தொண்டைக் குருவி என்னவென்று கேட்கப் போய்த்தான் பையன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலை மிதித்தான்.)

ரூஸ்வெல்ட் வளர்ந்த காலம் அமெரிக்கப் பறவைகளுக்குக் கெட்ட காலம். பெண்களின் தொப்பிகளில் இறகு வைப்பது நாகரிகமாக இருந்தது. 1886ல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் நியூயார்க் தெருக்களில் நடந்து 700 தொப்பிகளை எண்ணினார். அதில் 542ல் இறகோ முழுப் பறவையோ இருந்தது! கொக்கு இறகு எடைக்கு எடை தங்கத்தை விட விலை போனது. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப்புறாவின் கடைசிப் பறவை 1914ல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. இதற்கெல்லாம் கருவி எது? அதே ஷாட்கன்தான்.

1903 மார்ச் 14 அன்று, ஃபுளோரிடாவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் பெலிகன் தீவைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். சுமார் ஐந்தரை ஏக்கர்தான். ஆனால் பறவைகளுக்காக மத்திய அரசு ஒதுக்கிய முதல் இடம் அது. காவலுக்கு இருந்த பால் குரோகல் என்ற ஜெர்மானியக் குடியேறிக்குச் சம்பளம் மாதம் ஒரு டாலர். அவர் பறவைகளைக் காத்தது எதை வைத்துத் தெரியுமா? ஒரு 10 போர் இரட்டைக்குழல் ஷாட்கன்னை வைத்து! தீவு நோக்கி வரும் படகுகளுக்கு முன்னால் அதோடு போய் நிற்பார். விளையாட்டு வேலை இல்லை இது. 1905ல் ஃபுளோரிடாவின் தெற்கே கய் பிராட்லி என்ற இன்னொரு காவலரை இறகு வேட்டைக்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றே விட்டார்.

1909ல் பதவி முடிந்தது. ஸ்மித்சோனியனுக்காக மிருகங்களும் பறவைகளும் சேகரிக்க, மகன் கெர்மிட்டோடு ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கா கிளம்பினார். பரிசுகள் குவிந்தன. இங்கிலாந்து நண்பர்கள் சேர்ந்து ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் செய்த யானைத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார்கள். எதைப் பாராட்டி? வனங்களையும் தேசியப் பூங்காக்களையும் ஒதுக்கி உயிரினங்களைக் காப்பாற்றியதைப் பாராட்டி! இந்த முரண் அன்றைக்கு யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

பறவைகளுக்கான துப்பாக்கி ஃபிலடெல்பியாவின் ஏ.எச். ஃபாக்ஸ் கம்பெனியிடமிருந்து வந்தது. ஆன்ஸ்லி ஃபாக்ஸ் அப்போது 34 வயதைக் கூடத் தாண்டாதவர். தன் துப்பாக்கிதான் உலகிலேயே சிறந்தது என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தவர். அவர் கொடுத்தது கம்பெனியின் மிக உயர்ந்த 'எஃப்' தரத்து 12 போர் இரட்டைக்குழல். ஜனாதிபதியாக இருந்தவரின் தோளில் தன் துப்பாக்கி ஏறினால் எத்தனை விளம்பரம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ரூஸ்வெல்ட்டுக்கும் பிடித்துப்போனது. 1910ல் வந்த ஆப்பிரிக்கப் பயண நூலில் இதைவிட நல்ல துப்பாக்கி செய்யப்பட்டதே இல்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தையும் போட்டுவிட்டார். ஃபாக்ஸுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த நேரம் ரூஸ்வெல்ட்டின் இடது கண் குருடு. வெள்ளை மாளிகையில் இருந்தபோது குத்துச்சண்டைப் பயிற்சியில் வாங்கிய அடி. வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. மிச்சம் இருந்த ஒரு கண்ணுக்கும் கண்ணாடி. ஆக, உலகின் சிறந்த துப்பாக்கி போய்ச் சேர்ந்தது பறவை வேட்டைக்கு வேண்டிய பார்வை பாதி போய்விட்ட ஒரு மனிதரிடம். பறவை சேகரிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் கூட வந்த எட்கர் மியர்ன்ஸ் என்ற ராணுவ டாக்டருடையது. வேலைப்பாட்டில் லெஃபோஷே இதன் பக்கத்தில் கூட நிற்க முடியாது. பரிசாகப் பார்த்தால் அப்பாவின் தேர்வே மேல். அவர் பையனைப் பார்த்து வாங்கினார். ஃபாக்ஸ் பெயரைப் பார்த்துக் கொடுத்தார்.

ஆன்ஸ்லி ஃபாக்ஸுக்கு அந்த விளம்பரம் நெடுநாள் உதவவில்லை. 1912ல் தன் பெயர் தாங்கிய கம்பெனியை விட்டே வெளியேறி, பிறகு கார் தயாரிப்பில் இறங்கினார், அதுவும் நிலைக்கவில்லை. கம்பெனியை 1929ல் சாவேஜ் ஆர்ம்ஸ் வாங்கி, உற்பத்தியை யூட்டிகாவுக்குக் கொண்டுபோனது. ரூஸ்வெல்ட்டின் அந்த ஃபாக்ஸ் 2010ல் ஏலத்துக்கு வந்து 8,62,500 டாலருக்குப் போனது.