அடுக்கு

தென்காசியில் நின்று மேற்கே பார்த்தால் குற்றால மலை ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி நிற்கும். "மலை அடுக்கடுக்காத் தெரியுது" என்பார்கள். சாரல் காலத்தில் அருவிக்கு வரும் குடும்பங்களின் கையில் நாலடுக்கு டிபன் கேரியர் இருக்கும். இவ்வளவு பழகிய சொல், ஏழாம் வகுப்புக் கணக்கில் வந்ததும் பிள்ளைகளை மிரட்டிவிடுகிறது. 2³ என்று எழுதினால் கீழே இருக்கும் 2 அடிமானம், தோள்மேல் ஏறிய 3 அடுக்கு. விடை 8. ஆனால் பாதி வகுப்பு 6 என்று சொல்லும்.

சொல்லின் வேர் 'அடு'. தமிழில் இரண்டு 'அடு' உண்டு. ஒன்று சமைப்பது, அடுப்பும் அடுக்களையும் அதன் பிள்ளைகள். மற்றது நெருங்குவது, சேர்வது. அடுத்த வீடு, அடுத்த ஊர், அடுக்கு எல்லாம் இந்த வழி வந்தவை. அடுக்களைக்கும் அடுக்குக்கும் ஒலி ஒத்துப்போனாலும் உறவு கிடையாது.

கணக்குக்கு வருமுன்பே இந்தச் சொல் இலக்கணத்தில் வேலை பார்த்திருக்கிறது. பாம்பைக் கண்டவன் "பாம்பு பாம்பு பாம்பு" என்று அலறினால் அது அடுக்குத்தொடர். விரைவில் சொல்லும் சொல் மூன்று முறை வரை அடுக்கும், இசை நிறைக்க வருவது நான்கு முறை வரை அடுக்கும் என்று தொல்காப்பியம் வரம்பு கட்டுகிறது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது அங்கே அடுக்கு; ஒரே எண் தன்னையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொள்வது இங்கே அடுக்கு. இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

ஐரோப்பாவில் 'எக்ஸ்போனென்ட்' என்ற பெயரை 1544இல் மைக்கேல் ஸ்டீஃபல் தம் கணித நூலில் வைத்தார். 'வெளியே எடுத்து வைப்பது' என்பது அந்த லத்தீன் சொல்லின் வேர்ப்பொருள். எண்ணைத் தோளில் ஏற்றி எழுதும் முறையை 1637இல் டெக்கார்ட் பரவலாக்கினார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குச் 'சுட்டி' என்று பெயர். எக்ஸ்போனென்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள மறுபெயரான 'இண்டெக்ஸ்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. சுட்டி எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டும். என்ன செய்யவேண்டும் என்று அடுக்குத்தான் சொல்லும். நான் அடுக்கின் பக்கம்.

கலைச்சொல் தேடிய முன்னோர் இந்த வட்டாரத்துக்கு அந்நியரல்லர். 1916இல் சேலத்தில் அறிவியல் சொற்களுக்காகச் சங்கம் தொடங்கிய ராஜாஜி, குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர். தமிழிலேயே பாடம் நடக்கவேண்டும் என்று டி.கே.சி. விடாமல் வாதாடினார்.

விதிகளுக்கு வருவோம். 2³ × 2⁴ எவ்வளவு? மூன்றடுக்குக் கேரியர்மேல் நாலடுக்கை வைத்தால் ஏழடுக்கு. ஆகவே 2⁷. பெருக்கும்போது அடுக்கைக் கூட்டுகிறோமே ஏன் என்று குழம்புகிற பையனிடம், "மூணு அடுக்குமேல நாலு அடுக்கு வச்சா எத்தனலே?" என்று கேட்டால் போதும். வகுத்தால் அடுக்கு இறங்கும்: 2⁷ ÷ 2⁴ = 2³. மூன்றடுக்கை நான்கு முறை அடுக்கினால் பன்னிரண்டு; (2³)⁴ = 2¹². அடிமானம் ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம் செல்லும். 2³ஐயும் 5⁴ஐயும் பெருக்கி ஏழாவது அடுக்கு என்று எழுத முடியாது.

பிள்ளைகள் நம்ப மறுப்பது 2⁰ = 1 என்பதைத்தான். அடுக்கே இல்லையென்றால் பூச்சியம்தானே என்பார்கள். 2³ எட்டு. ஓர் அடுக்கை எடுத்தால் பாதி, நான்கு. இன்னொன்றை எடுத்தால் இரண்டு. கடைசி அடுக்கையும் எடுத்தால் இரண்டில் பாதி, ஒன்று. அதற்கும் கீழே போனால் அரை, அதுதான் 2⁻¹. பூச்சியம் எங்கேயும் வராது, பாதியாக்கிக்கொண்டே போனால் வரவும் முடியாது. இதைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டினால் எந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்யவேண்டிய தேவையில்லை.

கணக்கு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளில் சூத்திரத்தை எழுதுமுன் தமிழாசிரியரை ஒரு பாடவேளைக்கு உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். அடுக்குத்தொடரை அவர் நடத்தட்டும், அடுத்த பாடவேளையில் நீங்கள் அடுக்கு விதிகளை நடத்துங்கள்.