மதிப்பெண் சேர்த்தால் விடுதலை: நார்ஃபோக் தீவின் கதை

குற்றம் செய்தவனைச் சிறையில் போடுவது எதற்காக? செய்த தப்புக்கு வலி கொடுக்கவா, அல்லது திருத்தி வெளியே அனுப்பவா? பட்டிமன்றத் தலைப்பு போல இது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் 1840-லேயே ஒருவர் பேச்சோடு நிற்காமல் செய்தே பார்த்தார். அவர் பெயர் அலெக்சாண்டர் மக்கானக்கி.

ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 1,400 கி.மீ. தூரத்தில், பசிபிக் கடல் நடுவே இருக்கிறது நார்ஃபோக் தீவு. பிரிட்டனிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள், வந்த இடத்திலும் குற்றம் செய்தால் அனுப்பப்படும் தீவு இது. கசையடியும் கால் விலங்கும் அங்கே அன்றாட விஷயம். 1834-ல் ஒரு கலகம் நடந்தது. யார் யாருக்குத் தூக்கு என்று சொல்ல வந்த பாதிரியார் உல்லத்தார்ன் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். உயிர் பிழைத்தவர்கள் அழுதார்களாம், சாகப் போகிறவர்கள் மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னார்களாம்! 13 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

இப்படிப்பட்ட தீவுக்குத்தான் 1840 மார்ச்சில் மக்கானக்கி தலைமை அதிகாரியாக வந்தார். அவர் ஒரு கடற்படை அதிகாரி. 1811-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போர்க் கைதியாக இருந்தவர். அடைபட்டுக் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய திட்டம் மிக எளிமையானது. தண்டனையை ஆண்டுக் கணக்கில் அளக்காமல் மதிப்பெண் கணக்கில் அளக்க வேண்டும். ஏழு ஆண்டு தண்டனை என்றால் 6,000 மதிப்பெண், பத்து ஆண்டு என்றால் 7,000, ஆயுள் என்றால் 8,000. உழைப்பும் நல்ல நடத்தையும் வரவு. கூடுதல் உணவு வாங்கினாலோ ஒழுங்கு தவறினாலோ செலவு. கணக்கு நேரானால் விடுதலை. நாட்களை எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எதுவும் கிடைக்காது. சிறைச் சாவி கைதியின் உழைப்பில் இருக்கிறது!

அந்த ஆண்டு மே மாதம் விக்டோரியா அரசியின் பிறந்தநாள் வந்தது. மக்கானக்கி எல்லாக் கைதிகளுக்கும் விடுமுறை கொடுத்தார். விருந்து, நாடகம், வாணவேடிக்கை எல்லாம் நடந்தன. மாலையில் ஊதல் ஒலித்ததும் கைதிகள் ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள். ஒரு சண்டை கூட இல்லை. ஆனால் சிட்னியில் பெரும் கூச்சல் எழுந்தது. குற்றவாளிகளுக்கு விருந்தா என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பாதிக்கப்பட்டவன் எங்கோ அழுதுகொண்டிருக்கும்போது, செய்தவன் நாடகம் பார்ப்பது நியாயமா? மக்கானக்கி தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் கட்டம் செய்த குற்றத்துக்கான தண்டனை, அடுத்த கட்டம் வெளியே வாழ்வதற்கான பயிற்சி என்றுதான் பிரித்தார். என்றைக்காவது வெளியே வரப் போகிறவனை மிருகமாக்கி அனுப்பினால், அடுத்துப் பாதிக்கப்படுவது யார்? வெளியே இருக்கும் மக்கள்தானே!

மதிப்பெண்ணை வைத்து விடுதலை கொடுக்கும் முழு அதிகாரம் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. 1843-ல் ஆளுநர் கிப்ஸ் முன்னறிவிப்பு இல்லாமல் தீவுக்கு வந்து பார்த்தார். ஒழுங்கு நன்றாக இருக்கிறது என்றே எழுதினார். ஆனால் அதற்குள் லண்டன் அவரைத் திரும்ப அழைக்க முடிவு செய்துவிட்டது. 1844-ல் வேறு அதிகாரி வந்தார், பழைய கடுமையும் திரும்பி வந்தது. 1846 ஜூலையில் கைதிகளின் சமையல் பாத்திரங்களைப் பறித்ததும் கலகம் வெடித்து நான்கு பேர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் ஒரே நாளில் 12 கைதிகள் தூக்கிலிடப்பட்டனர்.

மக்கானக்கி 1860-ல் இறந்தார். ஆனால் அவர் யோசனை சாகவில்லை. 1850-களில் அயர்லாந்தில் வால்ட்டர் கிராஃப்டன் அதை வளர்த்தார். 1876-ல் திறந்த நியூயார்க் மாநில எல்மைரா சீர்திருத்தச் சிறையும் அதே வழியில் போனது. இன்றைய பரோல் முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. நம் நாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் 1894-ல் கொண்டுவந்த சிறைச் சட்டத்தின் 59-வது பிரிவிலும், மதிப்பெண் கொடுத்துத் தண்டனைக் காலத்தைக் குறைக்க விதிகள் செய்யலாம் என்று ஒரு வரி இருக்கிறது.

பயத்தால் ஒரு மனிதனை அடக்கி வைக்கலாம், கதவு பூட்டியிருக்கும் வரை. கதவு திறந்த பிறகும் அவன் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால், அதற்கான காரணத்தை உள்ளே இருக்கும்போதே அவனுக்குக் கொடுத்தாக வேண்டும்.