சோழர் காலக் கல்லூரிகளும் உணவின் அளவும்

மாணவர்க்கு உணவளித்துக் கல்வி புகட்டும் வழக்கம் தமிழகத்தில் தொன்மை வாய்ந்தது. அதன் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பாடங்களையும் ஆசிரியரையுமே நோக்குவர். உணவு எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்பவற்றை நோக்குவார் சிலரே. கல்லூரி விடுதிகளில் மிஞ்சிக் குவியும் உணவும் அதனால் நேரும் சூழற்கேடும் பேசப்படும் இந்நாளில், அவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கன.

‘கலம்’ என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். மணிமேகலை ஏந்திய அமுதசுரபி என்னும் கலம், எடுக்க எடுக்கக் குறையாதது. கல்வெட்டுகளில் வரும் கலமோ நெல்லை அளக்கும் அளவு. காப்பியம் குறையாத உணவைக் கற்பனை செய்தது. கல்வெட்டு, குறையும் உணவை நாழி நாழியாக எண்ணிப் பொறித்தது. கல்விச்சாலைகள் நின்று நிலவியது பின்னதன் துணையால் என்பது தெளிவு.

முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு இதற்குச் சிறந்த சான்று. விழுப்புரம் மாவட்டத்து அவ்வூரில் இளநிலை மாணவர் 270 பேரும் முதுநிலை மாணவர் 70 பேரும் ஆக 340 பேர் பயின்றனர். இளநிலையார் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். முதுநிலையார் ஒருவர்க்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது 10 நாழி. குறுணி 8 நாழியும், கலம் 12 குறுணியும் எனக் கொண்டு கணக்கிடின், மாணவர்க்கு மட்டும் நாள்தோறும் 2,320 நாழி, அஃதாவது 24 கலம் 2 குறுணி நெல் வேண்டும். இக்கல்லூரியின் பொருட்டு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. உண்போர் எத்துணையர், ஒருவர்க்கு எவ்வளவு, அதனை விளைக்கும் நிலம் எது என்னும் மூன்றும் ஒரே ஆவணத்தில் அடங்கியமை கருதற்குரியது.

எண்ணாயிரத்தில் கண்ட இம்முறை செங்கற்பட்டுப் பகுதிக்கும் புதியதன்று. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் அமைந்துள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலை ஆகிய மூன்றையும் அது குறிக்கின்றது. விடுதியில் உறைந்தார்க்கு உணவேயன்றிப் பாயும், இரவு விளக்கிற்கு எண்ணெயும், சனிக்கிழமை நீராட எண்ணெயும் வரையறுக்கப்பட்டன. அருகிலுள்ள வயலைக்காவூரின் வருவாயும் அதிற் பேசப்படுகின்றது.

எனினும், இச்சான்றுகளைக் கொண்டு பழமையைப் புகழ்ந்தமைதல் ஆராய்ச்சி ஆகாது. இவை வேதக் கல்வியை முதன்மையாகக் கொண்ட நிலையங்கள். அனைவர்க்கும் உரியன அல்ல. நெல்லை விளைத்தவர் அவ்வுணவறையில் அமர்ந்திலர். மேலும், கல்வெட்டுகள் இட்ட அளவைக் கூறுகின்றனவேயன்றி எஞ்சியதைக் கூறவில்லை. ஆதலின் அக்காலத்தே உணவு வீணாகவில்லை எனத் துணிதல் பொருந்தாது. துணியத்தக்கது ஒன்றே: அளவும் நிலமும் அறியாது கல்லூரி உணவுச்சாலை நடத்தப்படவில்லை.

இன்று சிங்கப்பெருமாள் கோவிலின் நிலை வேறு. பல்லவர் காலக் குடைவரையில் நரசிம்மர் எழுந்தருளிய இவ்வூரிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் நெறி, தொழிற்சாலைகளின் நெறியாயிற்று. ஏரிப்பாசனம் மிக்க இப்பகுதியில் வயல்கள் பல ஆலைகளும் குடியிருப்புகளும் ஆயின, கல்லூரிகளும் பெருகின. விடுதியில் உண்ணும் மாணவர் தம் சோறு எவ்வூர் வயலில் விளைந்தது என்பதை அறியார். இலையில் எஞ்சியது எங்குச் செல்லும் என்பதையும் அறியார். அமுதசுரபியை நம்பியவர் போலச் சமைக்கின்றோம். சமைத்ததைக் குப்பையிற் கொட்டுகின்றோம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 29 கோடி டன், உணவகம் முதலிய உணவு வழங்கும் இடங்களில் வீணாயிற்று. குப்பைமேட்டில் புதையுண்டு அழுகும் உணவு, புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வளியை வெளிவிடும்.

மட்கும் கழிவை இயன்றவரை வளாகத்துள்ளேயே உரமாகவோ எரிவளியாகவோ மாற்றுமாறு, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய நிறுவனங்களை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன. இது வேண்டற்பாலதே. ஆயினும், எஞ்சியபின் செய்வது இது. எஞ்சாமை காப்பதற்கு எண்ணாயிரத்து முறையே வழி. ஒவ்வொரு வேளையும் உண்போர் எண்ணிக்கையை முன்னரே அறிந்து சமைத்தல், எஞ்சியதை நாள்தோறும் நிறுத்து எல்லாரும் காண எழுதி வைத்தல், அரிசியும் காயும் அண்மையூர் உழவரிடம் கொள்ளுதல் ஆகியன அரிய செயல்கள் அல்ல. முன்னோர் கல்லிற் பொறித்த கணக்கை நாம் கரும்பலகையிலேனும் எழுதுதல் வேண்டும். அன்று உணவறைக்கு வெளியே நின்ற உழவரும் இன்று அக்கணக்கில் இடம்பெறுவாராயின், அது பழமையைப் போற்றுதலோடு அதன் குறையைத் தீர்த்தலும் ஆகும்.