நொய்யலும் நமது மனச்சான்றும்

மதகைத் திறந்து நீர் விடுங்கள் என்று வேண்டுவதே உழவர் வழக்கம். மதகைத் திறவாதீர் என்று உழவர் மன்றாடிய அணையொன்று நமது கொங்கு நாட்டில் உண்டு. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே பாசனத்திற்கெனக் கட்டப்பட்டு, 1992-இல் பயன்பாட்டிற்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையே அது. சில ஆண்டுகளுக்குள் அது திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யலைக் காஞ்சிமாநதி என்று முன்னோர் அழைத்தனர். அதன் கரையிலுள்ள கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கினர், கல்மணிகள் செய்தனர். ஆகவே தொழில் அந்த ஆற்றுக்குப் புதிதன்று. புதிதாக வந்தது அதன் அளவே. வெள்ளைப் பனியனுக்குப் பெயர்பெற்ற திருப்பூர், ஏற்றுமதி பெருகியதும் வண்ண ஆடைகளுக்கு மாறியது.

பருத்தியில் சாயம் பற்றுவதற்கு உப்பை மிகுதியாகச் சேர்க்க வேண்டும். துணி சாயத்தை ஏற்கும்; உப்போ கழிவுநீரோடு வெளியேறிவிடும். நிறத்தை நீக்கிய பின்னும் உப்பு நீரிலேயே தங்கும். உவர்ப்பற்றுப்போகும் உப்பைப் பற்றி ஆண்டவர் எச்சரித்தார். நொய்யல் உழவரை வாட்டியதோ உவர்ப்பு மாறாத உப்பு. அது கிணறுகளில் இறங்கியது, வயல்களில் படிந்தது.

உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 28,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டோராகக் கணக்கிடப்பட்டனர். சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதன்பின்னும் கழிவு நிற்கவில்லை. 2011 சனவரி 28 அன்று சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து உப்பையும் நீரையும் மீட்கும் ஏற்பாட்டுடன்தான் பின்னர்ப் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் வேலையிழந்தோர் பலர். ஆற்றைக் காக்கும் ஆணையின் சுமை முதலில் ஏழைத் தொழிலாளியின் தோளில் விழுந்ததை மறைப்பது நேர்மையாகாது.

திருச்சபை எச்சரிக்காமல் இல்லை. 1990-ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியில், சூழல் நெருக்கடியை அறநெறிச் சிக்கல் என்றே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரைத்தார். அணை திறக்கப்படுவதற்கு ஈராண்டுகள் முன்பே! அன்று குருமட மாணவராயிருந்த நாம் அதைத் தேர்வுக்காகப் படித்தோம், தேர்வோடு மறந்தோம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு, ‘இறைவா, உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், படைப்பைச் சீரழிப்பது பாவமே என்னும் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவின் போதனையை எடுத்துரைத்தார்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டவற்றை நாம் சொல்லலாகாது. கேளாததைச் சொல்லலாம் அல்லவா? மனச்சான்றை ஆய்வதற்கென நாம் இறைமக்களுக்கு அச்சிட்டளித்த தாளில் பொய், களவு, சினம் யாவும் இருந்தன. ஆறு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குத் திருவிழாவிற்கென இளைஞர்களுக்கு வண்ணப் பனியன்கள் வாங்கினோம். ஒன்றுக்கு ஐந்து ரூபாய் குறைப்பதற்கு அரைமணி நேரம் பேரம் பேசினோம். சாயநீர் எங்கே போயிற்று என்று ஒரு சொல்லும் கேட்டோமில்லை. இவ்வாண்டு கேட்டோம். வணிகர் நம்மை வியப்புடன் நோக்கி, “இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லைங்க சாமி” என்றார். பின்னர்த் தாம் துணி கொடுக்கும் பட்டறையின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தந்தார். அடுத்த வாரம் பங்குப்பேரவையினர் இருவருடன் அங்கே செல்லவிருக்கிறோம்.