பழைய ரெக்கார்ட் பிளேயர், புதிய ரிசீவர்... இணைத்தும் சத்தம் வரவில்லையா?

தாத்தா விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் வீட்டு ஸ்டோர்ரூமில் கிடைக்கின்றன. ஆசையாக ஒரு ரெக்கார்ட் பிளேயரையும் வாங்கிவிடுகிறோம். வரவேற்பறையில் ரிசீவரும் ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே இருக்கின்றன.

சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருகி, ஊசியை இறக்கினால்...

கொசு பாடுவதுபோல் ஒரு சத்தம்! ஒலியை முழுக்கக் கூட்டினாலும் பக்கத்தில் போய்க் காதை வைத்தால்தான் கேட்கிறது.

"தட்டு கெட்டுப்போச்சு போல" என்று சிலர் அதோடு விட்டுவிடுவார்கள். தட்டுகளைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு.

அவசரப்படாதீர்கள். இந்தச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் தட்டு அல்ல, இணைப்புதான்.

ஒலி ஏன் அவ்வளவு மெல்லிசாக வருகிறது?

சிடி பிளேயர் ரிசீவருக்கு அனுப்பும் மின்சமிக்ஞை சுமார் 2 வோல்ட் வரை இருக்கும்.

ரெக்கார்ட் பிளேயரின் ஊசி உருவாக்கும் சமிக்ஞையோ பொதுவாக 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். சிடி பிளேயரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 400-இல் ஒரு பங்கு!

அளவு மட்டுமல்ல, ஒலியின் வடிவமும் வேறு.

இசைத்தட்டைத் தயாரிக்கும்போது கனமான கீழ் ஒலிகளைக் குறைத்தும் மெல்லிய மேல் ஒலிகளைக் கூட்டியும் பதிவு செய்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் கீழ் ஒலிகள் தட்டில் அகலமான பள்ளங்களை வெட்டும். ஒரு பக்கத்தில் அடங்கும் பாடல்கள் குறையும், ஊசியும் எகிறலாம்.

மேல் ஒலிகளைக் கூட்டுவது ஏன்? கேட்கும்போது அவற்றைத் திரும்பக் குறைப்பார்கள். தட்டின் 'உஸ்' இரைச்சலும் அதோடு சேர்ந்து குறைந்துவிடும்.

எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதற்கு 1954-இல் அமெரிக்காவில் ஒரு தரநிலை வகுக்கப்பட்டது. அதன் பெயர் ஆர்ஐஏஏ. இன்று வெளிவரும் தட்டுகளும் அதையே பின்பற்றுகின்றன.

ஆக, ரெக்கார்ட் பிளேயருக்கும் ரிசீவருக்கும் நடுவே இரண்டு வேலைகள் நடக்கவேண்டும். சமிக்ஞையைப் பெரிதாக்க வேண்டும். மடித்து வைத்த சேலையைப் பிரிப்பதுபோல், மாற்றிப் பதிந்த ஒலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டையும் செய்யும் கருவிதான் ஃபோனோ பிரிஆம்ப்.

நினைவில் வைக்கவேண்டிய ஒரே விதி

சமிக்ஞை ஃபோனோ பிரிஆம்ப் வழியாக ஒரு முறை போகவேண்டும். ஒரே ஒரு முறை!

• ஒரு முறைகூடப் போகாவிட்டால்: கொசு பாடும்.
• இரண்டு முறை போனால்: கரகரப்பாக, கீழ் ஒலி அதிர, காதைக் கிழிக்கும். ஸ்பீக்கருக்கும் ஆபத்து.

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலும் இந்தக் கருவி உள்ளேயே இருந்தது. சிடி வந்தபின் பல ரிசீவர்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது தட்டுகளுக்கு மவுசு கூடியதால் சில ரிசீவர்களில் மீண்டும் வந்திருக்கிறது. குழப்பம் அங்குதான் தொடங்குகிறது.

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'ஃபோனோ' என்று எழுதிய துளைகள் இருக்கின்றனவா?

அடுத்து, ரெக்கார்ட் பிளேயரின் பின்பக்கத்தையும் தட்டு சுழலும் பகுதியின் அடியையும் பாருங்கள். 'ஃபோனோ / லைன்' என்று சிறிய சுவிட்ச் இருந்தால் அதனுள்ளேயே பிரிஆம்ப் இருக்கிறது.

1. ரிசீவரில் மட்டும் இருந்தால்
ரிசீவரின் 'ஃபோனோ' துளைகளில் செருகுங்கள். வேலை முடிந்தது.

2. பிளேயரில் மட்டும் இருந்தால்
சுவிட்சை 'லைன்' பக்கம் தள்ளுங்கள். ரிசீவரின் 'ஆக்ஸ்' அல்லது 'சிடி' துளைகளில் செருகுங்கள்.

3. இரண்டிலும் இருந்தால்
ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். 'ஃபோனோ' துளையில் செருகினால் சுவிட்சும் 'ஃபோனோ'விலேயே இருக்கவேண்டும். 'லைன்' என்றால் 'ஆக்ஸ்' துளை. இரண்டையும் கேட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

4. இரண்டிலும் இல்லாவிட்டால்
தனி ஃபோனோ பிரிஆம்ப் ஒன்று வாங்கவேண்டும். கையடக்கப் பெட்டிதான். எளிமையானவை சில பத்து வெள்ளிக்கே கிடைக்கும். பிளேயரின் வயரைப் பெட்டிக்குள் செருகி, பெட்டியிலிருந்து இன்னொரு வயரை ரிசீவரின் 'ஆக்ஸ்' துளைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சூட்கேஸ் வடிவ பிளேயர்களில் சுவிட்ச் இருக்காது. ஆனால் அவற்றின் பின்னால் சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் அங்கிருந்து வரும் சமிக்ஞை பெரும்பாலும் 'லைன்' அளவிலேயே இருக்கும். நேராக 'ஆக்ஸ்' துளைக்குப் போகலாம்.

"எங்க வீட்டுல சவுண்ட்பார் மட்டும்தான் இருக்கு" என்கிறீர்களா? பல சவுண்ட்பார்களில் எச்டிஎம்ஐ, ஆப்டிகல் துளைகள் மட்டுமே இருக்கும். ரெக்கார்ட் பிளேயரை அவற்றில் நேரடியாக இணைக்க முடியாது. 'ஆக்ஸ்' துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புளூடூத் வசதியுள்ள பிளேயர்தான் சுலபமான வழி.

தனியாகத் தொங்கும் அந்த மெல்லிய கம்பி?

சிவப்பு, வெள்ளை வயர்களோடு நுனியில் கவை வைத்த மெல்லிய கம்பி ஒன்று வந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். அது கிரவுண்ட் கம்பி.

அதை இணைக்காவிட்டால் 'ம்ம்ம்ம்' என்று விடாத உறுமல் கேட்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அதிர்கிறது. அந்த அதிர்வுதான் மெல்லிய சமிக்ஞையோடு கலந்து உறுமலாகக் கேட்கிறது.

ரிசீவரின் 'ஃபோனோ' துளைகளுக்குப் பக்கத்தில் சிறிய திருகு இருக்கும். கம்பியை அதில் மாட்டி இறுக்குங்கள். தனிப் பிரிஆம்ப் என்றால் அந்தப் பெட்டியின் திருகில் மாட்டவேண்டும்.

கவனம்: சுவரில் உள்ள மின்துளையில் அந்தக் கம்பியை ஒருபோதும் செருகக்கூடாது.

சில பிளேயர்களில் இந்தக் கம்பியே இருக்காது. உறுமல் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

எந்த வரிசையில் இணைப்பது?

• முதலில் ரிசீவரை அணையுங்கள்.
• சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். நிறம் பார்த்துச் செருகுங்கள்.
• கிரவுண்ட் கம்பியை மாட்டுங்கள்.
• ஒலி அளவை அடிமட்டத்துக்குக் குறைத்தபின் ரிசீவரைப் போடுங்கள்.
• செருகிய துளையின் பெயரை ரிசீவரில் தேர்ந்தெடுங்கள்.
• ஊசியை இறக்கிவிட்டு, ஒலியை மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

சிடி பிளேயரையோ தொலைக்காட்சியையோ 'ஃபோனோ' துளையில் செருகாதீர்கள். ஏற்கெனவே பெரிதாக உள்ள சமிக்ஞை இன்னும் பெரிதாகி ஸ்பீக்கர் அலறும்.

சரியாக இணைத்தும் மெல்லிசாகக் கேட்கிறதா?

ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைப் பாருங்கள். பெரும்பாலானவை 'எம்எம்' வகை. 'எம்சி' வகை என்றால் சமிக்ஞை பொதுவாக இன்னும் 10 மடங்கு சிறியது. பிரிஆம்ப்பில் 'எம்எம் / எம்சி' சுவிட்ச் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லையா? சிவப்பு, வெள்ளை வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். மௌனம் மறுபக்கத்துக்கு மாறினால் கோளாறு பிளேயரிலோ வயரிலோ இருக்கிறது. மாறாவிட்டால் ரிசீவரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது.

ஒலியைக் கூட்டும்போது 'ஊஊ' என்று ஊளையிடுகிறதா? ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போகிறது. பிளேயரையும் ஸ்பீக்கரையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பிளேயரா?

ஜப்பானிலிருந்து வரும் பழைய பிளேயர்களுக்கு இங்கே வரவேற்பு உண்டு. ஆனால் ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230 வோல்ட். அடாப்டரை மாட்டிச் செருகினால் பிளக் பொருந்தும், பிளேயர் புகைந்துவிடும்! மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

அமெரிக்காவிலிருந்து வந்தால் இன்னொரு சிக்கல். அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 முறை அதிரும். அதை நம்பி ஓடும் பழைய மோட்டார்கள் இங்கே மெதுவாகச் சுழலும். பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இருக்கும். அதை டிரான்ஸ்ஃபார்மரால் சரிசெய்ய முடியாது.

தாத்தாவின் தட்டு '78' ஆக இருந்தால்?

1950-களில் வந்த தமிழ்ப் படப்பாடல்கள் பல, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளில் உள்ளன. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். அவற்றுக்கு மூன்று விஷயங்கள் தேவை.

• 78 வேகத்தில் ஓடும் பிளேயர். பல புதிய பிளேயர்களில் 33, 45 வேகங்கள் மட்டுமே உண்டு.
• 78-க்கான தனி ஊசி. அந்தத் தட்டுகளின் பள்ளம் மிக அகலம். சாதாரண ஊசி அதன் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுத்துத் தரும்; ஊசியும் தேயும்.
• துடைக்கும்போது கவனம். ஆல்கஹால் கலந்த திரவம் அரக்கைக் கரைத்துவிடும்.

ஆர்ஐஏஏ தரநிலைக்கு முந்திய தட்டுகள் என்றால் ஒலி சற்று மாறுபட்டுக் கேட்கலாம். ரிசீவரின் 'பாஸ்', 'டிரெபிள்' திருகுகளைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

எதுவும் புரியவில்லை என்றால், ரிசீவரின் பின்பக்கத்தையும் பிளேயரின் பின்பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு ஹைஃபை கடைக்குப் போங்கள். சிங்கப்பூரில் ஆடெல்ஃபி கடைத்தொகுதி, பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மால் ஆகியவை இசைப்பிரியர்களுக்கு நன்கு பழக்கமான இடங்கள். படத்தைப் பார்த்தாலே எந்தத் துளை என்று சொல்லிவிடுவார்கள்.

தட்டுகளை மட்டும் அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாட்டு இன்னும் அதற்குள்தான் இருக்கிறது.