மேடை நடுக்கம்: மாதவி முதல் கானா மேடை வரை

ஆடி மாதம் வந்துவிட்டால் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். பொழுது சாய்ந்ததும் மேடை போட்டு லைட் மியூசிக் கச்சேரி நடக்கும். "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..." என்ற குரல் தெருக்கோடி வரை கேட்கும். கேட்பவர்களுக்கு அது திருவிழா சத்தம். ஆனால் மேடைக்குப் பின்னால் காத்து நிற்கும் பாடகருக்கு? உள்ளங்கை ஜில்லென்று ஆகிவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நூறு முறை பாடிய பாட்டின் முதல் வரியே மறந்து போன மாதிரி இருக்கும்!

இதைத்தான் மேடை நடுக்கம், சபைக் கூச்சம் என்கிறார்கள். இது மைக் வந்த பிறகு வந்த நோய் அல்ல. மேடை என்று ஒன்று எப்போது வந்ததோ அப்போதே இதுவும் வந்துவிட்டது. இதைச் சமாளிக்கும் வழிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். நடுக்கத்தை ஒரு தனி ஆளின் தலையில் கட்டிவிடாமல், கூட இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக் கொண்டார்கள் என்பதுதான் அது.

ஏன் நடுங்குகிறது?

1915ல் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், பயம் வரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும். ரத்தம் தோலையும் வயிற்றையும் விட்டுவிட்டு பெரிய தசைகளுக்கு ஓடும். சண்டை போடவோ, ஓடித் தப்பிக்கவோ உடம்பு செய்யும் ஏற்பாடு இது. புலி வந்தால் ரொம்ப உதவும். ஆனால் வயலின் வில்லைப் பிடித்திருக்கும் விரலுக்கு இதனால் தொல்லைதான். எதிரே இருப்பது புலியா, ஐந்நூறு ரசிகர்களா என்று உடம்புக்கு வித்தியாசம் தெரிவதில்லை!

வள்ளுவர் சொன்னது

திருக்குறளின் பொருட்பாலில் 73வது அதிகாரத்தின் பெயரே 'அவையஞ்சாமை'. பத்துக் குறளும் (721 முதல் 730 வரை) இதைப் பற்றித்தான். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள், சபை நடுவே அஞ்சாமல் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பது அதில் வரும் ஒரு கருத்து. சாவைவிட சபைக்கு அதிகம் பயப்படுகிறார்கள் என்பதை அவர் அப்போதே கவனித்திருக்கிறார்! அவர் சொல்லும் மருந்து பயிற்சி. சபையில் பதில் சொல்லும் அளவுக்கு முன்கூட்டியே கற்றுக்கொள் என்கிறார்.

சரி, நன்றாகக் கற்ற பிறகும் நடுங்கினால்? அதற்கு விடை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

மாதவியின் முதல் மேடை

புகார்க் காண்டத்தின் மூன்றாவது பகுதி 'அரங்கேற்று காதை'. மாதவி 5 வயதில் தொடங்கி 7 ஆண்டுகள் ஆடலும் பாடலும் கற்கிறாள். 12 வயதில் சோழ மன்னன் முன்னால் அரங்கேற்றம். பன்னிரண்டு வயதுப் பெண்... எதிரே ஊரும் அரசனும்! எந்தப் பிள்ளைக்கும் கை கால் உதறும்.

ஆனால் இளங்கோவடிகள் விவரிக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். முதலில் ஆடல் ஆசான், இசை ஆசான், பாட்டு எழுதும் புலவர், தண்ணுமை ஆசான், குழல் ஆசான், யாழ் ஆசான் என்று ஒவ்வொருவருடைய தகுதியும் சொல்லப்படுகிறது. மேடைக்கு அளவுகோல் உண்டு. 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைக்கிறார்கள். மூன்று வகைத் திரைகள் இருக்கின்றன. தலைக்கோல் யானை மேல் ஊர்வலமாக வந்து, அரங்கில் வைக்கப்பட்ட பிறகுதான் நிகழ்ச்சி தொடங்குகிறது.

மாதவி வலது காலை முன்வைத்து ஏறி, வலது தூண் பக்கம் நிற்கிறாள். எதிரே இடது தூண் பக்கம் யார் தெரியுமா? தோரிய மகளிர். அதாவது ஆடி முதிர்ந்த மூத்த ஆடல் பெண்கள். நன்மை பெருகவும் தீமை விலகவும் அவர்கள்தான் முதலில் பாடுகிறார்கள். பிறகு குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் வழியே முழவும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் மாதவியின் ஆட்டம்.

எங்கே நிற்பது, எந்தக் காலை வைப்பது, யார் முதலில் தொடங்குவது என்று எதையும் அந்தப் பெண் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை. கண் எதிரே அதே மேடையில் ஆடி முதிர்ந்தவர்கள் நிற்கிறார்கள். இதைவிட வேறு தைரியம் என்ன வேண்டும்?

அன்று அவள் தலைக்கோல் பட்டமும், 1008 கழஞ்சு பொன் மதிப்புள்ள மாலையும் பெற்றாள். அந்த மாலையை வாங்கித்தான் கோவலன் அவளிடம் போனான், கண்ணகியைப் பிரிந்தான். ஒரே ஒரு மேடையில் காப்பியத்தின் கதையே திரும்பிவிட்டது!

முகத்துக்கு முன் குரல்

திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை உள்ளிட்ட வட மாவட்டங்களின் கலை தெருக்கூத்து. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும். அங்கே முக்கிய வேடம் எடுத்த எடுப்பில் கூட்டத்தின் முன்னால் வந்து நிற்பதில்லை. முதலில் மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் எல்லாம் சேர்ந்து முழங்கும். இதைக் களரி கட்டுதல் என்பார்கள். பிறகு கட்டியங்காரன் வந்து கேலி பேசிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். அதன் பிறகு இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, துரியோதனனோ கர்ணனோ அதன் பின்னால் நின்று பாடத் தொடங்குவார். முகம் தெரிவதற்கு முன்பே குரல் சபைக்குப் போய்விடும். சலங்கைச் சத்தமும் போய்விடும். பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். மூச்சு வாங்கவும், அடுத்த வரியை நினைத்துக் கொள்ளவும் நேரம் கிடைக்கும். திரை விலகும்போது நடிகர் ஏற்கெனவே பாதி வேடத்துக்குள் போயிருப்பார்.

நடுக்கத்தைப் போக்குவதற்காகவே இந்த முறை வந்தது என்று சொல்லிவிட முடியாது. ராஜாவின் வருகைக்குப் பரபரப்பு கூட்டுவதும் இதன் வேலைதான். ஆனால் பலன் இரண்டு பக்கமும் கிடைக்கிறது.

வர்ணம் ஏன் முதலில்?

கர்நாடக இசைக் கச்சேரிக்கு இன்றுள்ள அமைப்பைத் தந்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) என்பார்கள். முதலில் வர்ணம், பிறகு சின்னச் சின்ன கீர்த்தனைகள், அதன் பிறகே விரிவான ராகமும் பல்லவியும், கடைசியில் துக்கடா. இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வர்ணம் என்பது மாணவப் பருவத்தில் இருந்தே தினமும் சாதகம் செய்வது. எல்லா ஸ்வரமும் முன்பே அமைக்கப்பட்டது. கற்பனை செய்ய வேண்டிய அவசியம் இல்லை. மனம் பதறினாலும் தொண்டை தானாகப் பாடிவிடும்! பாடகர், வயலின், மிருதங்கம் மூவரும் ஒத்திகையே இல்லாமல் மேடையில்தான் சந்திப்பார்கள் என்பது கச்சேரி உலகில் சகஜம். அந்தப் பத்து நிமிட வர்ணத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கடல் தாண்டி

மேல்நாட்டில் என்ன செய்தார்கள்? 'தி பேண்ட்' என்ற பெயரிலேயே ஒரு ராக் குழு இருந்தது. பல வருடம் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்கள். பாப் டிலனோடு உலகம் சுற்றியவர்கள். 1969 ஏப்ரல் 17ல் சான் பிரான்சிஸ்கோவில் தங்கள் சொந்தப் பெயரில் முதல் கச்சேரி. கிட்டார் வாசிக்கும் ராபி ராபர்ட்சன் படுத்த படுக்கையாகிவிட்டார்! கடைசியில் மனவசியம் செய்பவர் ஒருவரை வரவழைத்துத்தான் அவரை மேடை ஏற்றினார்கள். அடுத்த வருடம் வந்த அவர்களது ஆல்பத்தின் பெயர் 'மேடை பயம்' என்றே பொருள்படும்.

பிறகு மாத்திரை வந்தது. 1960களில் ஜேம்ஸ் பிளாக் இதய நோய்க்காக பீட்டா பிளாக்கர் மருந்தை உருவாக்கினார். 1988ல் நோபல் பரிசும் பெற்றார். கை நடுக்கமும் படபடப்பும் அதில் குறைவதால் இசைக்கலைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1987ல் அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் 2212 பேரிடம் எடுத்த கணக்கில் 27 சதவீதம் பேர் அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது.

2014ல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் இன்னொன்று கண்டுபிடித்தார். கரோக்கி பாடும் முன் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்களாம்!

மருந்து, மனவசியம், மனதுக்குள் சொல்லிக்கொள்வது... எல்லாம் உதவலாம். ஆனால் மூன்றும் தனி ஆளுக்கான வைத்தியம்.

வடசென்னைக் குரல்

2018 ஜனவரி 6ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு முதல் மேடை அரங்கேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாசப் பண்டிதரின் சாதி பேதமற்ற தமிழர் என்ற சிந்தனையில் இருந்து பிறந்த பெயர். கானா, ராப், ராக், பறை, சட்டி, கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். சாவு வீட்டிலும் தெரு முனையிலும் பாடப்பட்ட கானா, சாதியைப் பற்றி நேருக்கு நேர் பேச அந்தப் பெரிய மேடைக்கு வந்தது. தவறினால் "இவர்களுக்கெல்லாம் மேடை எதற்கு?" என்று கேட்கப் பலர் காத்திருந்த காலம். 19 பேர், ஒரே மாதிரி கோட் சூட்டில் வந்து நின்றார்கள். அதில் பாடிய ராயபுரத்து இசைவாணியை பிபிசி 2020ல் உலகின் 100 பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

முடிவாக

மேடை நடுக்கம் வருவது கோழைத்தனம் அல்ல, உடம்பின் இயல்பு. 'பயப்படாதே' என்று சொல்வதால் அது போவதும் இல்லை. பழைய மேடைகள் அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தெரிந்த பாட்டை முதலில் வைத்தன, மூத்தவர்களைக் கண்ணெதிரே நிறுத்தின, வரியை வாங்கிப் பாட ஆள் வைத்தன.

அடுத்த முறை கல்லூரி விழாவிலோ கோயில் மேடையிலோ ஒரு நண்பன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நின்றால் அறிவுரை வேண்டாம். அவன் பார்வை படும் இடத்தில் போய் நின்றால் போதும். இடது தூண் பக்கம்!