இழுப்பறையில் இருந்த நீலக் கார்

பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் கொண்டு வரக்கூடாது என்பது நம் பள்ளிகளில் வழிவழியாக வரும் கட்டளை. நானும் அதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தியவன்தான். அவ்வாறு ஒரு மாணவனிடம் பறித்த பொம்மையே பழைய உலோகப் பொம்மைக் கார்களைச் சேகரிக்கும் பழக்கத்தில் என்னைக் கொண்டு போய்ச் சேர்த்தது.

1991-ஆம் ஆண்டு. தோட்டப்புறப் பள்ளியொன்றில் மூன்றாம் ஆண்டுக் கணிதப் பாடம். கடைசி வரிசையில் ஒருவன் மேசைக்கடியில் எதையோ உருட்டிக் கொண்டிருந்தான். வெள்ளியும் நீலமும் கலந்த நிறத்தில் ஒரு சிறிய வோக்ஸ்வேகன். அவன் தாத்தா துரை பங்களாவில் தோட்ட வேலை செய்தவராம். துரை சீமைக்குத் திரும்பியபோது அவர் பிள்ளைகள் விட்டுச் சென்ற காராம். ஆண்டிறுதியில் திருப்பித் தருவதாகச் சொல்லி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அதற்குள் தோட்டம் கைமாறிவிட்டது. அவன் குடும்பத்தினர் இடம்பெயர்ந்தனர். கார் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்துத்தான் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். வயிற்றுப் பகுதியில் மேட்ச்பாக்ஸ் வரிசை, எண் 25, லெஸ்னி, இங்கிலாந்து என்று பொறிக்கப்பட்டிருந்தது. அந்தச் சிற்றெழுத்துகளைத் தொடர்ந்து சென்றபோது கிடைத்த வரலாற்றையே இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

லெஸ்லி சுமித், ரோட்னி சுமித் என்ற இரு நண்பர்கள் 1947-இல் இலண்டனில் ஒரு வார்ப்புத் தொழிலகத்தைத் தொடங்கினர். குடும்பப் பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். லெஸ்லியின் முற்பாதியையும் ரோட்னியின் பிற்பாதியையும் இணைத்து 'லெஸ்னி' என்று பெயரிட்டனர். முதற்பட்டறை, மூடிக்கிடந்த ஒரு மதுக்கடை! அவர்களுடன் சேர்ந்த ஜேக் ஓடெல் என்ற வார்ப்புத் தொழில் வல்லுநரே பின்னாளில் நிறுவனத்தின் மூளையாக விளங்கினார். தொழிற்சாலைகளுக்கான உதிரிப் பாகங்களை வார்ப்பதே முதன்மைத் தொழில். பொம்மைகள் 1948-இல்தான் வந்தன. 1953-இல் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டி வெளியிட்ட சிறிய அரச வண்டி பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. சின்னஞ்சிறு பொம்மைக்கும் பெருஞ்சந்தை உண்டு என்பதை அந்த விற்பனை காட்டியது.

'மேட்ச்பாக்ஸ்', அதாவது தீப்பெட்டி என்ற பெயர் வந்த கதைதான் என்னைச் சற்றுத் தலைகுனிய வைத்தது. ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டு வரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். தந்தை சாலை உருளை வண்டி ஒன்றைப் பித்தளையில் சிறிதாகச் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாராம். உடன் படித்த பிள்ளைகள் எல்லாரும் தங்களுக்கும் அதுபோல் வேண்டுமென்று கேட்டனராம். சாலை உருளையை முதல் எண்ணாகக் கொண்ட மேட்ச்பாக்ஸ் வரிசை 1953-இல் கடைகளுக்கு வந்தது. அந்தப் பள்ளி பொம்மைக்கு ஓர் அளவு வைத்தது. நானோ பூட்டு வைத்தேன்.

என்னிடமுள்ள 25-ஆம் எண் வோக்ஸ்வேகன் 1960-இல் வெளியான அச்சு. அப்போதே கார்கள் தீப்பெட்டியை மீறி வளர்ந்துவிட்டன. பெயர் மட்டும் நிலைத்தது.

இக்கார்கள் இரும்பாலானவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் துத்தநாகத்துடன் அலுமினியம் முதலியன சேர்ந்த கலவை. உருக்கிய கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தினால் கதவின் கோடு வரை துல்லியமாகப் படிந்துவிடும். ஆனால், துத்தநாகத்தில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும் ஆபத்து. பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, பிஸ்கட் போல் உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் லிவர்ப்பூலில் வார்க்கப்பட்ட டிங்கி கார்களில் பல இப்படித்தான் அழிந்தன. வெப்பமும் ஈரமும் இதனை விரைவுபடுத்தும். நம் நாட்டின் பருவநிலையைச் சொல்லவும் வேண்டுமா? ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் போருக்கு முந்திய பொம்மை ஏதும் கண்ணில் பட்டால், விலை கேட்பதற்கு முன் விரிசலைப் பாருங்கள். நல்ல துத்தநாகத்தில் வார்த்த பொம்மைக்கு அந்த நோய் இல்லை. அதனால்தான் நீலக் காரும் என் இழுப்பறையில் முழுமையாகக் கிடந்தது.

1968-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 'ஹாட் வீல்ஸ்' கார்களை வெளியிட்டது. மெல்லிய அச்சாணியில் வழுக்கிக்கொண்டு ஓடிய அவற்றின் வேகத்திற்கு முன் லெஸ்னியின் கார்கள் மாட்டுவண்டிகளாகிவிட்டன. 1969-இல் 'சூப்பர்பாஸ்ட்' சக்கரங்களைப் பூட்டி லெஸ்னி போட்டிக்கு நின்றது. ஆயினும் 1982-இல் நொடித்துப் போயிற்று. ஹாங்காங்கின் யுனிவர்சல் நிறுவனம் அதனை வாங்கியதும், கார்களின் வயிற்றில் இங்கிலாந்து மறைந்து மக்காவ் தோன்றியது. 1997-இல் மேட்ச்பாக்ஸ், பழைய போட்டியாளரான மேட்டலின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடமுள்ள ஹாட் வீல்ஸ் காரையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மலேசியா என்றிருக்க வாய்ப்பு அதிகம். 1980-களிலிருந்து பிறையிலுள்ள தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு உலகெங்கும் சென்றவை அவை. துரை வீட்டுப் பிள்ளைகள் சீமையிலிருந்து கொண்டு வந்த பொருளை, பிற்காலத்தில் நம்மவர்களும் வேலை செய்யும் ஆலை சீமைக்கே அனுப்பியது.

சேகரிப்பாளர்கள் பெட்டி பிரிக்காத காருக்குப் பெரும் விலை கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தப் பிள்ளையும் தொடாத பொம்மையில் எனக்கு என்ன வேலை? நான் வாங்குபவை பெரும்பாலும் வண்ணம் உதிர்ந்தவை. மறுவண்ணம் பூசுவதுமில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட கார்கள் கண்ணாடி அலமாரியில் உள்ளன.

நீல வோக்ஸ்வேகன் அந்த அலமாரியில் இல்லை. அதற்குரியவனுக்கு இப்போது நாற்பது வயது கடந்திருக்கும். தனியாக ஒரு சிறு பெட்டியில் வைத்து, மேலே அவன் பெயரையும் வகுப்பையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.